படிவத்தில் இல்லாத முகம்

சந்தன மாலையின் கனத்தையும் என் பேச்சின் நீளத்தையும் ஒருசேரத் தாங்கிக்கொள்ளத் துணிந்து, தலைமை நாற்காலியில் தளராமல் வீற்றிருக்கும் ஆலை அதிபரும், இந்த மருத்துவமனையின் தலைவருமான பெருமதிப்புக்குரிய அரங்கசாமி ஐயா அவர்களே! உயிர் காக்கும் பணியில் உறக்கம் துறந்த மருத்துவப் பெருமக்களே! ஒரு காலில் நின்றுகொண்டே மறு காலுக்கு ஓய்வு கொடுக்கக் கற்றுக்கொண்ட செவிலியச் செல்வங்களே! நாற்காலி நுனியில் அமர்ந்து கைக்கடிகாரத்தைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும் தர மேலாளர் தம்பி சசிதர் அவர்களே! வெள்ளகோவிலிலிருந்தும் வால்பாறையிலிருந்தும் நோயாளிக்குத் துணையாக வந்து, வராந்தாவில் கொசுக்கடி தாங்காமல் இந்த மண்டபத்து ஃபேன் காற்றை நாடி வந்திருக்கும் உறவினர்களே! பெரியோர்களே! என்னைப் பெறாவிட்டாலும் இதுவரை பொறுத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! உங்கள் அத்தனை பேருக்கும் வெள்ளகோவில் பொங்கியண்ணனின் பணிவான வணக்கம்.

இப்போது 'பெரியோர்களே' என்று சொன்னேன், கவனித்தீர்களா? ஒரு தடவை நீங்களும் சொல்லிப் பாருங்கள். மேலுதடும் கீழுதடும் ஒட்டிப் பிரிந்தால்தான் அந்தச் சொல் பிறக்கும். மாரியம்மன் நோன்பி முதல் மஞ்சள் நீராட்டு வரை முப்பத்தைந்து ஆண்டுகளாக இந்த இரண்டு உதட்டை வைத்துத்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது. ஆறு மாதத்துக்கு முன்னால், மூன்று வாரம், அந்த ஒரு சொல் என் வாயில் வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்கிறேன். அதற்கு முன் விழாவைப் பற்றிப் பேசிவிடுகிறேன், இல்லாவிட்டால் தம்பி சசிதருக்கு வியர்த்துவிடும்.

எதற்கு இந்த விழா? எதற்கு இந்தத் தோரணம்? எதற்கு வாழை மரம், எதற்கு வடை பாயசம்? இதோ, என் வலப்பக்கம் நிற்கிறதே ஒரு பலகை, இதற்குத்தான்! இந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் தொங்கிக்கொண்டிருந்த பலகை. விழாவுக்காகக் கீழே இறக்கிக் கொண்டுவந்திருக்கிறார்கள். 'புண் இல்லாத நாட்கள்' என்று மேலே எழுத்து. கீழே மூன்று எண் அட்டைகள். அசைய முடியாமல் கிடக்கும் நோயாளிகளில் ஒருவருக்கும் உடம்பில் புண் வராமல் காத்த நாட்களின் எண்ணிக்கை அது. தினமும் காலை எட்டு மணிக்கு ஒன்று கூடும். இன்றைக்கு ஐந்நூறு! பலகைக்குப் பொட்டு வைத்து, என் மாலையைவிடப் பெரிய மாலையும் போட்டிருக்கிறார்கள். சிரிக்காதீர்கள் ஐயா, எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம்தான்.

மருத்துவமனைக்கு ஏன் பலகை என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். நம் ஊர்க்காரர்கள் கேட்க மாட்டார்கள். மில் வாசல் எதைப் பார்த்தாலும் 'விபத்து இல்லாத நாட்கள்' என்று ஒரு பலகை தொங்கும், அதில் ஒரு எண் இருக்கும், அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டேதான் நாம் ஷிப்டுக்குள் நுழைவோம். ஸ்பின்னிங் மில் கட்டியவர்கள் ஆஸ்பத்திரியும் கட்டினார்கள்; கட்டும்போது அந்தப் பலகையையும் மறக்காமல் கொண்டுவந்து மாட்டினார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் அந்தப் பலகையை மாட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, அதைத் திருப்பவும் தெரிய வேண்டும். அதற்கு ஒரு கதை இருக்கிறது. தலைவர் ஐயாவுக்கு அது நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது.

பதினொரு வருடத்துக்கு முன், சிங்காநல்லூரில் ஐயாவின் மில்லில் ஆயிரமாவது நாள் விழா. விழாப் பேச்சாளர் அடியேன். வெள்ளகோவிலிலிருந்து பஸ் பிடித்து, இரண்டு நாள் முன்னதாகவே உறவினர் வீட்டில் வந்து இறங்கி, மேடை எங்கே போடுகிறார்கள் பார்க்கலாம் என்று மில் வாசலுக்குப் போனேன். பலகையில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு. உள்ளே சலசலப்பு. யாரோ ஒரு தொழிலாளியின் விரல் எந்திரத்தில் பட்டு நகம் பிய்ந்துவிட்டது. சூப்பர்வைசர் ஓடி வந்து ஐயாவிடம் சொல்கிறார்:

"நகந்தானுங்க மொதலாளி. வெரலுக்கு ஒண்ணும் ஆகலீங்க. பிரியாணிக்கெல்லாம் சொல்லிப்போட்டோமுங்க."

ஐயா கேட்டது ஒரே கேள்வி. "நகம் மில்லோடதுங்களா, அவனோடதுங்களா?"

அவ்வளவுதான்! ஸ்டூல் போடச் சொன்னார். வேட்டியை மடித்துக் கட்டினார். தன் கையாலேயே மூன்று அட்டையையும் கழற்றிவிட்டுப் பூஜ்ஜியத்தை மாட்டினார். விழா போயிற்று, பிரியாணி போயிற்று, என் பேச்சும் போயிற்று. அன்றைக்கு எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இரண்டு நாள் பொறுத்து அந்த நகம் பிய்ந்திருக்கக் கூடாதா என்று நினைத்த பாவி நான். ஐயா, அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. அது இன்றைக்கு எனக்கு வேண்டியிருக்கிறது.

இனி என் கதைக்கு வருகிறேன். ஆறு மாதத்துக்கு முன் எனக்கு நிமோனியா. மூச்சு முட்டி, முகம் கறுத்து, ஆம்புலன்ஸில் ஏற்றி... எங்கே கொண்டுவந்தார்கள் தெரியுமா? இங்கே! இதே கட்டடம்! இதே மூன்றாம் மாடி! ஏழாம் நம்பர் கட்டில்! தம்பி சசிதர், ஏன் திடுக்கிடுகிறீர்கள்? பதினொரு நாள் உங்கள் விருந்தாளி நான். பதினெட்டு தடவை எனக்குப் போன் செய்து விழாவுக்கு அழைத்தீர்கள், வாசலில் கை குலுக்கினீர்கள், பொன்னாடை போர்த்தினீர்கள், அடையாளம் தெரியவில்லை பார்த்தீர்களா! உங்கள் மீது குற்றமில்லை. ஏழாம் நம்பருக்கு முகம் இருந்தது என்பதே இங்கே யாருக்கும் தெரியாது. ஏன் தெரியாது என்பதையும் சொல்கிறேன்.

மூச்சு விட முடியாதவனுக்கு வாய் வழியாகத் தொண்டைக்குள் ஒரு குழாயை இறக்குகிறார்கள். எந்திரம் அந்தக் குழாய் வழியாக மூச்சுக் கொடுக்கிறது. குழாய் நழுவினால் ஆள் போய்விடுவான். அதனால் கன்னத்தில் பிளாஸ்டர் ஒட்டி, கழுத்தைச் சுற்றி நாடா கட்டி நிறுத்துகிறார்கள். கட்டத்தான் வேண்டும், யார் இல்லையென்றார்கள்? ஆனால் அன்றைக்கு அங்கே நின்றவர் யார்? என் மனைவி பாப்பாயியின் அண்ணன், என் அருமை மச்சான் நாச்சிமுத்து! சிங்காநல்லூரில் மோட்டார் பம்பு ஒர்க்ஷாப் வைத்திருக்கிறார். அவர் கை வைத்த நட்டை அவரே திரும்பக் கழற்ற முடியாது, அப்படிப்பட்ட இறுக்கம். அவர் செவிலியரைப் பார்த்துச் சொல்கிறார்:

"ஏனுங் சிஸ்டர், சும்மா மேலாக்கக் கட்டாதீங்க. நல்லா கெட்டியா இறுக்கிப்போடுங்க. கொழாய் கழண்டுபோச்சுன்னா என்ற மாப்ள என்னாவாரு?"

கட்டினார்கள். "இன்னுங் கொஞ்சம்" என்றார். இன்னும் கொஞ்சம் கட்டினார்கள். மாப்பிள்ளைக்கு மரியாதை செய்வதில் நம் கொங்கு நாட்டுக்கு நிகர் உண்டா! தீபாவளிக்குக்கூட அவர் எனக்கு அவ்வளவு செய்ததில்லை. டியூட்டியில் இருந்தவர்களுக்கும் சந்தோஷம், உறவினர் திருப்தியாகப் போகிறாரே! காலையில் கட்டிய நாடா. மதியம் என் முகம் வீங்குகிறது. நாடா வீங்குமா? வீங்காது. சாயங்காலம் அது கன்னத்துக்குள் புதைகிறது. எச்சில் வழிந்து பிளாஸ்டருக்குள் ஊறுகிறது. குழாய் வலது வாயோரத்திலேயே நாள் முழுதும் அழுத்திக்கொண்டு கிடக்கிறது. வலித்தால் சொல்ல வேண்டியதுதானே என்று யாராவது கேட்கலாம். மயக்க மருந்து கொடுத்து, வாயில் குழாயும் வைத்தபின் எதை வைத்துச் சொல்வேன்? முப்பத்தைந்து வருடம் மூச்சு விடாமல் பேசியவன், அந்த ஒரு தடவை பேச வேண்டிய நேரத்தில் பேச முடியாமல் கிடந்தேன்.

மூன்று நாள் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. என் முதுகைப் பார்த்தார்கள். இடுப்பைப் பார்த்தார்கள். குதிகாலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். என் குதிகாலுக்கு என் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு உபசாரம் நடந்ததில்லை. முகத்தை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. நாலாம் நாள் காலை டியூட்டி மாறியது. வந்தவர் ஹிபா என்ற செவிலியர்.

அன்றைக்கு நடந்ததைப் பாப்பாயி கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறாள். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். முறைக்காதே அம்மணி, உன்னைப் பற்றி நல்லதாகத்தான் சொல்லப்போகிறேன். ஹிபா வந்ததும் மானிட்டரைப் பார்த்தார். அடுத்ததாக என் முகத்தைப் பார்த்தார். நாடாவுக்கு அடியில் தன் சுண்டு விரலை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. உடனே இன்னொரு செவிலியரைக் கூப்பிட்டுக் குழாயைப் பிடிக்கச் சொன்னார். ஒருவர் பிடிக்க, ஒருவர் பிரிக்க வேண்டும், தனியாகச் செய்யவே கூடாது என்பாராம். ஈரப் பஞ்சால் பிளாஸ்டரை நனைத்து, தோலை ஒரு விரலால் அமர்த்திக்கொண்டு, மெல்ல மெல்ல உரித்தார். வலது வாயோரம் வெந்ததுபோல் கிடந்தது. கன்னத்தில் நாடாவின் தடம் செக்கச் செவேலென்று. பாப்பாயி அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"பேச்சுதானுங்க சிஸ்டர் அவருக்குச் சோறு. அந்த வாயே போச்சுன்னா..." என்றாளாம்.

"போகாதுங்கம்மா. நான் இருக்கேனுங்க. ஆனா இது நேத்தே பாத்திருக்கோணுமுங்க" என்றாராம் ஹிபா.

'நேத்தே பாத்திருக்கோணுமுங்க.' இந்த ஒரு சொல்லைச் சொல்ல எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? அன்று முதல் என்ன செய்தார்? மாயமா, மந்திரமா? இல்லை. வலது ஓரத்தில் இருந்த குழாயை இடது ஓரத்துக்கு மாற்றினார்; மறுநாள் வேறு இடம். குழாய் எத்தனை ஆழம் போயிருக்கிறது என்று அதில் போட்டிருக்கும் எண்ணைப் பல்லருகே வைத்து ஒவ்வொரு தடவையும் சரிபார்த்தார். கன்னத்துக்கும் நாடாவுக்கும் நடுவே மெத்தென்ற பட்டை வைத்தார். எச்சிலை ஒற்றி எடுத்தார், உதட்டில் மருந்து தடவினார், காது மடலுக்குப் பின்னால்கூட டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு மணிக்கு ஒரு தடவை அந்தச் சுண்டு விரல் வரும், நாடாவுக்குள் நுழைகிறதா என்று பார்க்கும், போகும். மச்சான் நாச்சிமுத்து மறுபடி வந்து "இறுக்கிப்போடுங்க" என்றதற்கு, "உங்க பம்புக்கு ஒடம்பு வீங்காதுங்கண்ணா, இவருக்கு வீங்குதுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக மச்சான் எதையும் இறுக்காமல் வீடு போய்ச் சேர்ந்தார்.

அதனால்தான் உங்கள் முன் நின்று நான் 'பெரியோர்களே' என்கிறேன். வலது மீசைக்கு அடியில் ஒரு தழும்பு இருக்கிறது. இன்னும் ஒரே நாள் விட்டிருந்தால் மீசையாலும் மூட முடியாது என்று டாக்டரே சொன்னார். குழாயை எடுத்தபின் மூன்று வாரம் உதடு ஒட்டவில்லை. கண்ணாடி முன் நின்று 'பெ... பெ...' என்று காற்று விட்டுக்கொண்டு அழுதிருக்கிறேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை. பயந்துவிட்டேன் ஐயா, ரொம்பப் பயந்துவிட்டேன்.

சரி, பலகை என்ன ஆயிற்று? அங்கேதான் விழாவின் சுவை இருக்கிறது! என்னைச் சேர்த்த அன்று பலகையில் முந்நூற்றுப் பதினெட்டு. புண்ணை ஹிபா கண்டுபிடித்த அன்று முந்நூற்று இருபத்தொன்று. மறுநாள் காலை பாப்பாயி போய்ப் பார்க்கிறாள், முந்நூற்று இருபத்திரண்டு! பத்தாவது படித்தவள், பஞ்சு மில்லில் பத்து வருடம் கோன் வைண்டிங் ஓட்டியவள், அவளுக்குத் தெரியாதா பலகைச் சட்டம்? தம்பி சசிதரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள்.

"ஏனுங் தம்பி, எங்கூட்டுக்காரருக்கு வாயில புண்ணு வந்திருக்குதுங்களே. பலகையில நம்பரு ஏறியிருக்குது?"

"அது கணக்குல வராதுங்கம்மா. படிவத்துல முதுகு, இடுப்பு, குதிகாலுக்குத்தான் கட்டம் இருக்குதுங்க. முகத்துக்குக் கட்டமே இல்லீங்க."

ஆகா! ஆகா! படிவத்தை நானும் வாங்கிப் பார்த்தேன். அதில் ஒரு மனிதனின் படம் வரைந்திருக்கிறார்கள். புண் இருக்கும் இடத்தில் வட்டம் போட வேண்டும். அந்த மனிதன் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான்! அவனுக்கு மூக்கு இல்லை, வாய் இல்லை, கன்னம் இல்லை. பாக்கியசாலி! அவனுக்கு எத்தனை குழாய் வைத்தாலும் முகத்தில் புண் வராது! கட்டம் இல்லாத இடத்தில் புண் வந்தது என் குற்றம்தான். படிவத்தைப் படிக்காமல் நோயில் விழுந்துவிட்டேன். கொஞ்சம் விவரம் தெரிந்திருந்தால் குதிகால் வழியாக மூச்சு விட்டிருப்பேன்.

ஆனால் ஹிபா சும்மா இருக்கவில்லை. படிவத்தின் ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே, பேனாவால் எழுதினார்: 'வலது உதட்டோரம், புண். பலகையை மாற்றவும்.' பலகை மாறவில்லை. ஹிபா மாற்றப்பட்டார். கட்டத்துக்கு வெளியே எழுதிப் படிவத்தைப் பாழ் செய்ததாக ஒரு மெமோ. தரைத் தளத்தில் டோக்கன் கொடுக்கும் இடத்துக்கு மாறுதல். இன்றைக்கு விழா அல்லவா, டோக்கனுக்கு விடுமுறை. நீங்கள் எல்லோரும் உள்ளே நுழையும்போது வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்று ஒருவர் தெளித்தாரே, பார்த்தீர்களா? முகத்தைப் பார்த்தீர்களா? அவர்தான் ஹிபா. என்னை இந்தக் கட்டடத்தில் அடையாளம் கண்டுகொண்ட ஒரே ஆள் அவர். பன்னீர் தெளிப்பதற்கு முன் என் வாயோரத்தைத்தான் பார்த்தார். "ஏனுங்கய்யா, நல்லா ஆறிப்போச்சுங்களே" என்றார்.

இதோ, துண்டுச் சீட்டு வந்துவிட்டது. 'நேரம் முடிந்தது, நகைச்சுவையோடு நிறைவு செய்யவும்.' தம்பி, இருபது நிமிடம் சிரிக்க வைக்கச் சொன்னீர்கள், வைத்துவிட்டேன். இன்னும் இரண்டு நிமிடம் எனக்குக் கொடுங்கள்.

கொடுக்கலாமா?... கொடுக்கச் சொல்கிறார்கள் தாய்மார்கள். நன்றி.

காலையில் லிஃப்டுக்குக் காத்திருந்தபோது ஒரு தாய் என்னிடம் பேசினார். வால்பாறை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர். மகன் ஆல்வின், இருபத்து மூன்று வயது, பைக்கில் விழுந்து தலையில் அடி. இதே ஏழாம் நம்பர் கட்டில். குழாய் வைத்து இன்றோடு மூன்று நாள்.

"அய்யா, எம்மவன் வாயோரம் செவந்து கெடக்குதுங்க. சொன்னா, உசுரு முக்கியமா ஒதடு முக்கியமான்னு கேக்கறாங்க. நான் என்னத்தச் சொல்றதுங்க?"

அம்மா, எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்? அங்கேயா. நீங்கள் சொல்ல வேண்டாம், நான் சொல்கிறேன். உயிர் முக்கியமா, உதடு முக்கியமா? உயிரைக் காப்பாற்றி எங்கே அனுப்பப்போகிறீர்கள்? வீட்டுக்குத்தானே? வீட்டில் அவன் எதைக் கொண்டு அம்மா என்பான்? எதைக் கொண்டு கஞ்சி குடிப்பான்? எந்த முகத்தோடு பெண் பார்க்கப் போவான்? உயிர் காக்க ஒரு குழாய் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். உதடு காக்க என்ன வேண்டும்? ஒரு ஈரப் பஞ்சு. ஒரு மெத்தென்ற பட்டை. இரண்டு மணிக்கு ஒரு தடவை ஒரு சுண்டு விரல். அந்தச் சுண்டு விரல் இப்போது வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருக்கிறது! மூன்று மாடிக்கு மேலே ஒரு பையனின் வாயோரம் சிவந்துகொண்டிருக்கிறது! நடுவிலே நாம் உட்கார்ந்து பலகைக்கு மாலை போட்டுக்கொண்டிருக்கிறோம்! எனக்குக் கோபம் வருகிறது ஐயா, சிரிப்புப் பேச்சாளனுக்கும் கோபம் வரும்.

தலைவர் ஐயா அவர்களே! உங்களிடம் நான் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் கேட்ட கேள்வியைத்தான் திருப்பிக் கேட்கிறேன். என் உதடு ஆஸ்பத்திரியோடதுங்களா, என்னோடதுங்களா? பலகையைத் திருத்துவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. புது அட்டை வாங்க வேண்டாம். ஐந்நூறில் இரண்டு பூஜ்ஜியம் ஏற்கெனவே இருக்கிறது. முன்னால் நிற்கும் அந்த ஐந்தை மட்டும் எடுத்தால் போதும்.

...

யாரும் எழுந்திருக்க வேண்டாம், ஐயா எழுந்திருக்கிறார். மைக் வேண்டாம் என்று கை காட்டுகிறார். மாலையைப் பலகையிலிருந்து எடுக்கிறார். தம்பி சசிதர், அந்த மாலையை வாங்கிக்கொள்ளுங்கள். இதோ... ஐந்து கழன்று வந்துவிட்டது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என்னங்கய்யா?... படிவத்தில் முகத்துக்கு இன்றைக்கே கட்டம் வரும் என்கிறார். அதை அப்புறம் போட்டுக்கொள்ளலாமுங்க ஐயா, முதலில் ஹிபா அம்மணியை மேலே அனுப்புங்கள். வாசலைப் பார்த்துத் தலையசைக்கிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹிபா, செம்பை அங்கேயே வைத்துவிடு கண்ணு. லிஃப்டுக்குக் காத்திருக்காதே, படியிலேயே போ. ஆல்வினின் அம்மா, நீங்களும் கூடப் போங்கள்.

கை தட்டாதீர்கள், தயவு செய்து தட்டாதீர்கள். மேலே நோயாளிகள் இருக்கிறார்கள். ஐந்நூறாம் நாள் விழாவுக்கு வந்து முதல் நாள் விழாவைப் பார்த்திருக்கிறோம். பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், நேரம் வாங்கிக் கொடுத்த தாய்மார்களுக்கும், மறுபடி ஒரு தடவை என் பேச்சுக்குக் குறுக்கே வந்து பலகையைத் திருப்பிய தலைவர் ஐயாவுக்கும் என் நன்றி. விடைபெறும்போது நாம் ஒரு சொல் சொல்வோமே, அந்தச் சொல்லின் கடைசி எழுத்துக்கு இரண்டு உதடும் முழுதாக மூட வேண்டும். எனக்கு மூடுகிறது. ஆல்வினுக்கும் மூட வேண்டும்.

வணக்கம்.